கண்டி டவுனுக்குள் வரும் தண்ணீர்: மெத எலயின் வெள்ளக் கணக்கு

கண்டியில் வெள்ளம் என்று ஒரே பெயரில் சொல்லப்படுபவை இரண்டு. மகாவலி பெருகி பேராதனை, கெட்டம்பே பக்கம் கரை ஏறுவது ஒன்று. மழை பிடித்து அரை மணித்தியாலம் ஆவதற்குள் ரயில் நிலையத்திலும் குட்ஷெட் பக்கத்திலும் வில்லியம் கோபல்லாவ மாவத்தையிலும் தண்ணீர் தேங்குவது மற்றது. முதலாவது வட்டவளையிலும் நாவலப்பிட்டியிலும் பெய்த மழை. இரண்டாவது நம் தலைக்கு மேலேயே பெய்த மழை. அறிகுறி வேறு, கிடைக்கும் நேரம் வேறு, செய்ய வேண்டிய வேலையும் வேறு. இந்தப் பதிவு பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது, அதாவது டவுனுக்குள் ஓடும் மெத எல என்ற ஓடையைப் பற்றியது. இரண்டும் சேர்ந்து வரும் நாளைப் பற்றிக் கடைசிப் பகுதியில் வருகிறது.

மெத எல கண்டி வாவியின் மேற்கு முனையில் அணைக்கட்டுக்குக் கீழே தொடங்குகிறது. போகம்பறை வழியாக, சில இடங்களில் பாதைக்கும் கட்டடத்துக்கும் அடியில் மறைந்து, ரயில் பாதையையும் வில்லியம் கோபல்லாவ மாவத்தையையும் ஒட்டி சுதுஹும்பொல தாண்டி கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. தெற்கே ஹந்தானைச் சரிவுகள், வடக்கே பஹிரவகந்த, அஸ்கிரிய மேடுகள். இரு பக்கத்துக் கான்களுக்கும் (வடிகால்களுக்கும்) போக்கிடம் இந்த ஒரே ஓடைதான். கொழும்பைப் போல நாலு கால்வாய், இரண்டு சதுப்பு நிலம் என்று பிரித்து அனுப்ப இங்கே இடமில்லை. பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது ஒரு வழி, அந்த வழியும் ஒடுங்கியது.

இருநூறு வருடத்தில் என்ன நடந்தது

வாவி இருக்கும் இடம் முன்பு வயல். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அந்த வயலுக்குக் குறுக்கே அணை கட்டினான். நாயக்கர் வழியில் வந்த, கண்ணுசாமி என்ற பிறப்புப் பெயர் கொண்ட அந்த அரசனுக்கு வெள்ளத் தடுப்பு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மாளிகைக்கு முன்னால் அழகுக்குக் கட்டிய ஏரி அது. ஆனால் மேல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் மழைநீரைத் தாங்கி, மெதுவாக வெளியே விடும் ஒரு பெரிய தொட்டி நகரத்துக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே போகம்பறையில் இன்னொரு குளமும் இருந்தது. அரசனுக்கு எதிராகத் திரும்பிய எஹெலபொலவின் மனைவி குமாரிஹாமி 1814இல் மூழ்கடிக்கப்பட்டது அங்கேதான். அந்தக் குளம் பிரிட்டிஷ் காலத்தில் தூர்க்கப்பட்டு மைதானமாகியது. வெள்ளக் கணக்கில் பார்த்தால் முதல் பெரிய நஷ்டம் இதுதான்: இரண்டு தொட்டியில் ஒன்று போய்விட்டது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குமாரிஹாமியைப் பற்றித்தான் பேசுவார்கள், குளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1867இல் ரயில் வந்தது. ரயில் நிலையத்துக்கும் சரக்குக் கொட்டகைக்கும் தண்டவாளம் பிரியும் முற்றத்துக்கும் நீளமான சமதரை வேண்டும். மலைநாட்டில் சமதரை என்பது தண்ணீர் பரவிப் பரவி, வண்டல் போட்டு உண்டாக்கிய தரை. கண்டியில் அப்படி இருந்தது ஓடையோரம் மட்டும்தான், நிலையம் அங்கே போய் உட்கார்ந்தது. 1876இல் போகம்பறைச் சிறைச்சாலையும் அதே தாழ்நிலத்தில் எழும்பியது. பிறகு சந்தை, பஸ் தரிப்பிடம், பிரதான வீதி என்று எல்லாமே அந்த ஒடுக்கமான தட்டையான பட்டியில். நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலும் 1873இல் உருவான கிரகரி வாவியும் இருக்கும் தாழ்நிலத்துக்கும் கதை இதுவே. மலைநாட்டு நகரங்களில் தண்ணீர் ஏறும் இடத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை. பந்து விளையாட வசதியான இடம் எது என்று பார்த்தால் போதும்.

சரிவுகளின் கதை வேறு. ஹந்தானையில் காடு அழிந்து முதலில் கோப்பி வந்தது, பின்பு தேயிலை வந்தது. தேயிலை மலைக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தத் தெரியும்: சரிவுக்குக் குறுக்கே சாய்வு குறைந்த கான், அதிலே இடைக்கிடை மண் தங்கும் குழி, கான் நீரை இறக்கும் கல் வாய்க்கால். கான் வெட்டுவதும் ஒவ்வொரு மழைக்கு முன்பும் கான் மண் எடுப்பதும் தோட்டத்தில் கணக்குப் பிள்ளை பேர் போட்டுக் கொடுத்த வேலை. தேயிலை கைவிடப்பட்ட துண்டுகளில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. தூர்ந்த கான் ஒரு இடத்தில் உடைந்தால் முழு வரிசையின் நீரும் அந்த உடைவு வழியே ஒரே ஓட்டமாக இறங்கும். கான் இல்லாத மலையைவிட, பராமரிக்காத கான் உள்ள மலை ஆபத்து. அதற்கும் மேலே வீடுகளும் கொங்கிறீட் பாதைகளும் ஏறின. ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் ஏறியவை ஏறியவைதான்.

எவ்வளவு தண்ணீர்?

கணக்கு கஷ்டமானதல்ல. ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் 10,000 லீற்றர். 10 பேர்ச் காணி 253 சதுர மீற்றர். அதில் 50 மி.மீ. பெய்தால் 12,650 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி பன்னிரண்டரை. காணி முழுக்கத் தகரமும் கொங்கிறீட்டுமாக இருந்தால் அதில் பத்தில் ஒன்பது பங்கு உடனே கானுக்கு வரும். மரமும் இலைச் சருகும் உள்ள காட்டு மண்ணென்றால் பத்தில் இரண்டு, செங்குத்தான சரிவில் மூன்று பங்கு. மீதி மண்ணுக்குள் இறங்கி மணிக்கணக்கில், நாட்கணக்கில் கசிந்து வரும்.

மணித்தியாலத்துக்கு 60 மி.மீ. வீதத்தில் ஒரு சாயங்கால இடிமழை பிடிக்கிறது என்று வையுங்கள். ஒரு ஹெக்டேயர் டவுன் செக்கனுக்கு 150 லீற்றர் அனுப்பும். ஒரு ஹெக்டேயர் காடு 33 லீற்றர். இப்போது 600 மி.மீ. விட்டமுள்ள கொங்கிறீட் குழாயை நூற்றுக்கு ஒன்று சாய்வில் பதித்தால், சுத்தமாக இருக்கும்போது அது செக்கனுக்கு ஏறத்தாழ 610 லீற்றர் கடத்தும். அதாவது 18 ஹெக்டேயர் காட்டுக்குப் போதுமான குழாய் 4 ஹெக்டேயர் டவுனுக்குத்தான் போதும். குழாய் அதேதான், மழையும் அதேதான், மேலே இருந்தது மட்டும் மாறிவிட்டது. பாதைக்கு அடியால் நீர் போகும் பழைய மதகைப் பார்த்து "வெள்ளைக்காரன் கட்டினது, நூறு வருசமாக நிற்கிறது" என்று பெருமைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது நிற்கிறது, ஆனால் அதற்கு இப்போது வேறு வேலை கொடுத்திருக்கிறோம்.

விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் கொள்ளளவு நிறையக் கூடும். 600ஐ 900 ஆக்கினால், அதாவது ஒன்றரை மடங்காக்கினால், கடத்தும் நீர் ஏறத்தாழ மூன்று மடங்கு: 1,800 லீற்றர். ஆகவே புதிதாக மதகு போடும்போது ஒரு அளவு கூட்டிப் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் சாய்வு இதற்கு எதிராக வேலை செய்யும். நூற்றுக்கு ஒன்றாக இருந்த சாய்வு நானூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தால் அதே குழாயின் கொள்ளளவு பாதியாகிவிடும். மலையிலிருந்து வேகமாக வந்த நீர் பள்ளத்தாக்கின் தட்டையில் வந்து தளரும் இடத்தில் இரண்டு தீமை ஒன்றாக நடக்கிறது: கடத்தும் திறன் குறைகிறது, தளர்ந்த நீர் சுமந்து வந்த மணலையும் அங்கேயே போடுகிறது. ரயில் நிலையம், குட்ஷெட் போன்ற தட்டையான இடங்களில் கான் எத்தனை தடவை அள்ளினாலும் திரும்பத் திரும்பத் தூர்வதன் காரணம் இதுதான்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று கிலோமீற்றர் நீளமும் பத்துக்கு ஒன்று சாய்வும் உள்ள ஓடைக்கு, தூரத்து உச்சியில் விழுந்த துளி அடிக்கு வந்துசேர எடுக்கும் நேரம் கிர்பிச் சூத்திரப்படி 22 நிமிடம் அளவில் வரும். எச்சரிக்கை அறிவித்தல் தயாராகி, கிராம உத்தியோகத்தர் வரை வந்து, கடைக்காரர் காதில் விழுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். ஓடை வெள்ளத்துக்கு எச்சரிக்கை என்பது நம் கையில் உள்ள மழைமானிதான்.

அதைச் செய்ய நேரான பக்கமுள்ள ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போதும். தோள் வளையும் இடத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய தலைப் பகுதியைக் கவிழ்த்து புனலாகச் செருகுங்கள். அடி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் மட்டம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியக் கோடு இடுங்கள். அதற்கு மேலே அடிமட்டத்தை ஒட்டினால் மி.மீ. நேராகப் படிக்கலாம். புனலின் வாயும் போத்தலின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்குப் பிழைக்கும். கூரை, மரம் எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். 15 நிமிடத்தில் 15 மி.மீ. ஏறிவிட்டால் அது மணித்தியாலத்துக்கு 60 மி.மீ. என்ற வேகம். தாழ்வான கடைக்காரர் அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மி.மீ. என்ற எல்லைகள் மண்சரிவுக்கானவை. மண் ஊறுவதற்கு நேரம் எடுக்கும் என்பதால் அங்கே நாள் கணக்கு பொருந்துகிறது. ஓடைக்கு நாள் கணக்கு பயனில்லை. முழு நாளும் தூறிப் பெய்த 80 மி.மீ. மெத எலயில் அடங்கிப் போகலாம், முக்கால் மணித்தியாலத்தில் கொட்டிய 50 மி.மீ. ரயில் நிலையத்தை நிறைக்கலாம். வீடு சரிவில், கடை டவுனில் என்று இருப்பவர்கள் இரண்டு எல்லையையும் தனித்தனியே மனதில் வைத்திருக்க வேண்டும்.

மதகு எங்கே தோற்கிறது

பெரும்பாலும் வாயில்தான். உள்ளே எவ்வளவு அகலம் என்பதைவிட, நீர் நுழையும் இடத்தின் வடிவம் முக்கியம். சதுரமாக வெட்டிய கூரிய விளிம்புள்ள வாயில் நீர் சுருங்கி நுழையும். இரு பக்கமும் சரிந்த சிறகுச் சுவர் கட்டி விளிம்பை உருட்டி விட்டால் அதே மதகு கூடுதலாக வாங்கும். செலவு குறைந்த திருத்தம் இது, ஆனால் திறப்பு விழா வைக்க முடியாத திருத்தம் என்பதால் அடிக்கடி நடப்பதில்லை.

அடுத்த குற்றவாளி மதகுக்குக் குறுக்கே போகும் குழாய். தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள் எல்லாம் பாதையைக் கடக்க மதகின் வாய்க்குள் நுழைத்துவிடுவார்கள். வெறும் 110 மி.மீ. குழாய்தான். ஆனால் அதில் முதலில் ஒரு மூங்கில் துண்டு மாட்டும், அதில் ஒரு சாக்கு, அதில் பொலித்தீன், அதில் இலை. இருபது நிமிடத்தில் அது ஒரு சுவர். குழாயை மதகின் மேல்தட்டுக்கு மேலே, பாதைத் தளத்துக்குள் எடுக்க முடியாவிட்டால், குறைந்தது கீழ்ப்பக்க வாய்க்கு மாற்ற வேண்டும். அங்கே மாட்டும் குப்பை கண்ணுக்குத் தெரியும், கையால் எடுக்கலாம்.

குப்பை வலைக்கம்பி நல்லதா கெட்டதா என்ற விவாதம் முடியாதது. கம்பி நெருக்கமாக, செங்குத்தாக, மதகின் வாயோடு ஒட்டி இருந்தால் கெட்டது. அது மதகை விடச் சீக்கிரம் அடைபடும். மதகுக்கு சில மீற்றர் மேலே, ஓடை அகலமான இடத்தில், கம்பிக்குக் கம்பி 15 செ.மீ. இடைவெளியில், படுத்த சாய்வில் வைத்தால் குப்பை மேலே ஏறி ஒதுங்கும், நீர் கீழால் போகும். ஆனால் மழைக்குப் பின் அதே நாளில் யாராவது அதை வாரி எடுக்க வேண்டும். பொறுப்பாள் பெயர் இல்லாத வலைக்கம்பியை வைக்காமலே விடலாம்.

பக்கக் கான் ஓடைக்குள் நேர் குறுக்காக, செங்கோணத்தில் விழுந்தால் இரண்டு நீரும் முட்டிக்கொண்டு மட்டம் உயரும். ஓட்டத் திசைக்குச் சாய்த்து 30 முதல் 45 பாகையில் சேர்க்க வேண்டும். கான் வாயின் அடி மட்டம் ஓடையின் வழக்கமான மழைக்கால மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஓடை நிறையும்போது கான் பின்னோக்கி ஓடும். ஓடைக் கரை உடையாமலே உள்தெருவில் தண்ணீர் வருவது இப்படித்தான். அங்கே வேண்டியது கீலில் தொங்கும் ஒருவழிக் கதவு. துருப்பிடிக்காத கீல் போடுங்கள். கதவுக்கு இடையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை சிக்கினாலும் மூடாது என்பதால், மாரிக்கு முன் கையால் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும்.

ஓடையோரச் சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு காணிக்காரரும் ஒரு முழம் முன்னே வந்து கருங்கல் கட்டு எழுப்புகிறார்கள். ஓடை அகலம் குறைவது ஒரு பிரச்சினை என்றால், அந்தச் சுவர் விழுவது பெரிய பிரச்சினை. சுவருக்குப் பின்னால் ஊறிய மண்ணின் நீர் வெளியேற 75 மி.மீ. பிவிசி குழாய்த் துவாரம், ஒன்றரை மீற்றருக்கு ஒன்று, பின்னால் சல்லிப் படுக்கையோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழை விட்டு, ஓடை மட்டம் இறங்கி, பின்னால் நீர் அப்படியே நிற்கும் நேரத்தில் சுவர் முன்னோக்கிச் சாயும். விழுந்த கல் ஓடையை அடைக்க, அடுத்த மழையில் மேல்வீட்டுக்காரர் நனைவார். அத்திவாரத்தை ஓடையின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்காமல் கட்டிய சுவரும் அடி அரிப்பில் இப்படித்தான் போகும்.

கான் அள்ளுவது

கண்டிக்கு மழை கூடிய மாதங்கள் ஒக்டோபரும் நவம்பரும். காலையில் வெயில், இரண்டு மணிக்குப் பிறகு இருட்டி இடிமழை. ஏப்ரலிலும் ஒரு சிறு சுற்று வரும். ஆகவே கான் அள்ளும் வேலை செப்டெம்பர் இறுதிக்குள் முடிய வேண்டும். பெரஹெராவுக்காக ஓகஸ்டில் நகரத்தைத் துப்புரவாக்கும் ஆட்களையும் வாகனங்களையும் அப்படியே இன்னும் இரண்டு வாரம் ஓடையில் இறக்கினால் எவ்வளவோ நன்மை.

கீழேயிருந்து மேலே அள்ள வேண்டும். கடைசி வாயைத் திறந்து விட்டால் ஒவ்வொரு துண்டும் அள்ள அள்ள வடியும், ஆட்கள் காய்ந்த தரையில் நிற்கலாம். மேலேயிருந்து தொடங்கினால் கலங்கிய மண் கீழ்த் துண்டுக்குப் போய் உட்காரும், அதே மண்ணை இரண்டு தடவை தூக்குவீர்கள். 60 செ.மீ. அகலக் கானில் 15 செ.மீ. மண் படிந்திருந்தால் நூறு மீற்றருக்கு 9 கன மீற்றர், அதாவது மூன்று கியூப்புக்கு (ஒரு கியூப் 100 கன அடி) சற்று மேல். நனைந்த மணலென்றால் 16 தொன் அளவில் பாரம். இதைச் சொல்லக் காரணம், சிரமதானத்துக்கு முப்பது பேரைக் கூப்பிடுகிறவர்கள் மண் ஏற்ற ஒரு லேண்ட்மாஸ்டரை (கை டிராக்டரை)க்கூட ஏற்பாடு செய்வதில்லை. அள்ளிய மண் கரையில் குவியும், படம் எடுப்பார்கள், அடுத்த மழையில் மண் திரும்ப உள்ளே போகும். முதலில் வாகனத்தைப் பேசுங்கள், பிறகு ஆட்களை.

குழாயில் விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மண் படிந்தால் பரப்பில் 29 வீதம் போய்விடும். அதற்கு மேல் விடாமல் அள்ளுவது நல்ல எல்லை. மூடிய துண்டுகளில் பலகைக்கல்லை எடுத்தவுடன் ஆள் இறங்கக் கூடாது. அழுகிய சேற்றில் ஐதரசன் சல்பைட் வாயு தேங்கியிருக்கும். கூடிய செறிவில் மூக்கு மரத்து மணமே தெரியாது. முன்னும் பின்னும் இரண்டு மூடியைத் திறந்து காற்றோட விட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நிற்க இறங்க வேண்டும். கீழே ஆள் மயங்கினால் மேலே நிற்பவர் குதிப்பதால்தான் இப்படியான விபத்துகளில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் சாகிறார்கள். எலிக்காய்ச்சல் இன்னொரு ஆபத்து. கம்பூட்ஸ், கையுறை போட்டாலும், சேற்றில் வேலை தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் கானில் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கழிவுநீரைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். ஜப்பானிய உதவியோடு கன்னொறுவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது ஓடையின் நாற்றத்துக்கும் கெட்டம்பேயில் மகாவலியின் தரத்துக்கும் நல்லது. வெள்ளத்துக்கு அது மருந்தாகாது. ஆயிரம் பேர் தலைக்கு 150 லீற்றர் வீதம் விடும் கழிவுநீர் செக்கனுக்கு 2 லீற்றருக்கும் குறைவு. ஒரு ஹெக்டேயர் டவுன் மழையில் அனுப்புவது 150.

வாவியை என்ன செய்யலாம்

வாவியின் பரப்பு ஏறத்தாழ 18 ஹெக்டேயர். ஒரு 10 செ.மீ. மட்டம் என்பது 18,000 கன மீற்றர். ஒக்டோபர் முதல் வாரத்தில் மட்டத்தை அரை மீற்றர் இறக்கி வைத்தால் 90,000 கன மீற்றர் வெற்றிடம் கிடைக்கும். நூறு ஹெக்டேயர் சரிவில் 60 மி.மீ. கொட்டி அதில் பாதி ஓடி வந்தால் 30,000. அப்படி மூன்று மழையை டவுனுக்கு அனுப்பாமல் நிறுத்தி, இரவில் மெதுவாக விடலாம். வாவி நிறைந்து வழிய வழிய இருப்பது படத்துக்கு அழகு, ஆனால் நிறைந்த தொட்டி வெள்ளத்துக்கு உதவாது: மேலே வந்தது அப்படியே கீழே போகும்.

மறுப்பும் உண்டு. மட்டம் இறங்கினால் கரையோரச் சேறு தெரியும், மணக்கும். ஆழம் குறைந்த சூடான நீரில் பாசி பெருகலாம். 1999இல் வாவி முழுவதும் நீலப்பச்சைப் பாசி படர்ந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். வறட்சி வந்தால் திரும்ப நிரம்பாது என்ற பயமும் நியாயமானது. எங்கள் கருத்தில் ஒக்டோபரில் இறக்குவது இந்தப் பயங்களுக்குக் குறைவாகவே இடம் கொடுக்கும், ஏனென்றால் பின்னால் நவம்பர் மழை நிச்சயம் நிற்கிறது. அதோடு வாவிக்குள் விழும் ஒவ்வொரு ஓடை வாயிலும் உள்ள மணல் பொறிகளை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வெறுமையாக்க வேண்டும். துனுமடலாவக் காட்டுப் பக்கத்து நீர் தெளிவாக வருவதையும், வீடு கட்ட மண் வெட்டும் பக்கத்து நீர் செம்மண்ணாக வருவதையும் பெருமழை முடிந்த கையோடு வாவியைச் சுற்றி நடந்தால் பார்க்கலாம். எந்தச் சரிவுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

மகாவலி மறிக்கும் நாள்

மகாவலியின் பெருக்கு வழக்கமாகத் தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும், மே முதல் செப்டெம்பர் வரை. 1947 ஓகஸ்ட் பெருவெள்ளம் அந்த வகை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மி.மீ. அளவில் பெய்யும், கண்டிக்கு 2,000 அளவு. ஆகவே கண்டியில் சின்னத் தூறல் விழும் நாளிலும் ஆறு கரை முட்டலாம். 1985இல் முடிந்த கொத்மலை அணை கொத்மலை ஓயாவின் நீரைத் தாங்குகிறது. நாவலப்பிட்டி வழியாக வரும் மகாவலியின் சொந்த நீரை அது தடுப்பதில்லை. "கொத்மலை இருக்கிறதே" என்று கம்பளையிலும் கெட்டம்பேயிலும் நிம்மதியாக இருப்பதற்குப் பாதி நியாயம்தான் உண்டு.

ஆறு உயர்ந்தால் மெத எலயின் வாய் மூடிக்கொள்ளும். ஓடையின் அடி நானூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறுகிறது என்றால், ஓடை விழும் இடத்தில் ஆறு இரண்டு மீற்றர் உயரும்போது எண்ணூறு மீற்றருக்கு ஓடை குளமாக நிற்கும். அந்த நேரம் கான் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வடியாது. பருவக்காற்று மழையும் சாயங்கால இடிமழையும் வெவ்வேறு மாதங்களில் வருவதால் இது அபூர்வம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அந்த நாட்காட்டியை உடைத்தது. ஆற்றின் தலைப்பகுதியிலும் நகரத்துச் சரிவிலும் ஒரே நேரத்தில் கொட்டியது. கம்பளை நீரில் நின்றது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் கண்டிக்குத்தான் இழப்பு அதிகம், அதிலும் பெரும்பகுதி மண்சரிவில். ஓடை வெள்ளத்துக்கு மேட்டுக்கு ஓடு என்பதும், மண்சரிவுக்கு மேட்டை விட்டு இறங்கு என்பதும் ஒரே இரவில் ஒன்றோடொன்று முட்டிய நாள் அது. போகும் இடத்தை முன்பே பார்த்து வையுங்கள்: ஓடைக்கு எட்டாத உயரம், வெட்டிய மண் மேட்டுக்குக் கீழே இல்லாத இடம். இரண்டும் பொருந்தும் கட்டடம் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

கெட்டம்பே, சுதுஹும்பொல பக்கம் இருப்பவர்கள் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நாவலப்பிட்டி, பேராதனை நீர்மட்டங்களைப் பாருங்கள். நாவலப்பிட்டியில் ஏறினால் உங்களுக்கு மணித்தியாலக் கணக்கில் நேரம் இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கடைக்காரருக்கு

தண்ணீர் முதலில் முன்வாசலால் வருவதில்லை; மலசலகூடத்தாலும் தரைக் கானாலும் வரும். வாசலில் மூட்டை அடுக்கிவிட்டு உள்ளே கொமட்டில் பொங்குவதைப் பார்த்து நிற்பது வழக்கமான காட்சி. வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப்பைத் துணியில் சுற்றி, தரைக் கானின் வாயில் இறுக்கி, மேலே பாரம் வையுங்கள்.

வாசலுக்கு மண் மூட்டையைவிடப் பலகைத் தடுப்பு நல்லது. இரு பக்கத் தூணிலும் சி வடிவ இரும்புக் காடி பதித்து, ஒன்றரை அங்குலப் பலகைகளை மேலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கி, அடியிலும் இடையிலும் ரப்பர் பட்டி வைத்தால் ஐந்து நிமிட வேலை. உயரம் 60 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள். 60 செ.மீ. தண்ணீர் ஒரு மீற்றர் அகலத்தில் 180 கிலோ தள்ளும். ஒரு மீற்றர் தண்ணீர் 500 கிலோ தள்ளும். அந்தத் தள்ளலில் பலகை நின்றாலும் செங்கல் தூண் நிற்காது. ரோலர் ஷட்டரை நம்பவே வேண்டாம், அது வீங்கிக் காடியிலிருந்து கழன்றுவிடும். மண் மூட்டைதான் இருக்கிறதென்றால் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, வாயை மடித்து, செங்கல் அடுக்குவது போல மூட்டு மாற்றி, காலால் மிதித்து அடுக்குங்கள். முட்ட நிரப்பிய மூட்டை உருண்டு இடைவெளி விடும். மூன்று மீற்றர் வாசலை 30 செ.மீ. உயரத்துக்கு அடைக்க 30 முதல் 40 மூட்டை வேண்டும்.

பிளக் பொயின்டுகளைத் தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் உள்ளே வரத் தொடங்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வந்த பிறகு நனைந்த காலோடு அதன் பக்கம் போகாதீர்கள். மா, சீனி மூட்டைகளின் அடி வரிசைக்கு 45 செ.மீ. உயர மரத்தட்டு. வீதியில் 15 செ.மீ. வேகமான நீர் ஆளை விழுத்தும், 30 செ.மீ. முச்சக்கர வண்டியையும் சின்னக் காரையும் இழுக்கும். மூடி கழன்ற கான் குழி கலங்கிய நீருக்கடியில் தெரியாது என்பதால் நடக்கத்தான் வேண்டுமென்றால் கையில் தடி வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் கழுவுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. சுவரில் சேற்றுக் கோடு அழியுமுன் அதன் மேல் விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, திகதி, உச்சம் தொட்ட நேரம், மழை தொடங்கிய நேரம், மழைமானியின் அளவு நாலையும் எழுதுங்கள். தரையிலிருந்து உயரத்தை அளந்து, பக்கத்துக் கடைகளின் கோடுகளோடு சேர்த்து படம் எடுத்து வையுங்கள். மாநகர சபைக்கோ நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ மதகு பெருப்பிக்கச் சொல்லி மனுக் கொடுக்கும்போது "ஒவ்வொரு வருசமும் வெள்ளம்" என்ற வரியைப் படித்துவிட்டு ஒதுக்கிவிடுவார்கள். ஒரே மதகுக்கு மேலே எட்டுக் கடைகளில் கோடு 40 செ.மீ.யில் நிற்கிறது, கீழே 10இல் நிற்கிறது என்று காட்டினால், அடைப்பு அந்த மதகில்தான் என்பதை எந்தப் பொறியியலாளரும் மறுக்க முடியாது.